முகம் எடுக்க எந்த பிரைம் லென்ஸ்? வடசென்னையிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

ராயபுரம், வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்களில் பலர், கேமராவோடு வரும் கிட் லென்ஸுக்கு அடுத்து வாங்க நினைப்பது, முகம் எடுக்க ஒரு போர்ட்ரெய்ட் லென்ஸ், அதுவும் ஜூம் இல்லாத பிரைம் லென்ஸ். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று வேலை பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். வேலைக்காக இல்லாமல், தெருவில் தினமும் பார்க்கும் முகங்களை ஆசைக்கு எடுப்பவர்களும் இருக்கிறார்கள். எல்லாரும் கேட்பது 1.2-ஆ, 1.4-ஆ, 1.8-ஆ என்றுதான். இது அபெர்ச்சர் எண், வெளிச்சம் நுழையும் துளையின் அளவு; எண் சிறிதானால் துளை பெரிது. நான் திருப்பிக் கேட்பது, எங்கே நின்று எடுக்கப் போகிறீர்கள் என்று. நம் பகுதியில் பின்னால் நகர இடம் கிடைப்பதுதான் அரிது. அதை மனதில் வைத்தே இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

போர்ட்ரெய்ட் என்றாலே 85 மி.மீ. என்கிறார்களே, ஏன்?

முகம் எப்படி விழும் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் நிற்கும் தூரம். அரை மீட்டரில் நின்று எடுத்தால் மூக்கு நுனி 50 செ.மீ. தூரத்திலும் காது சுமார் 62 செ.மீ. தூரத்திலும் இருக்கும். காதோடு ஒப்பிட்டால் மூக்கு கிட்டத்தட்ட கால் பங்கு பெரிதாக விழும். செல்ஃபியில் மூக்கு புடைத்துத் தெரிவது இதனால்தான். இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் அது 200-க்கு 212 ஆகிவிடும், வித்தியாசம் 6 சதவீதம்தான். எதிரில் உட்கார்ந்து பேசும்போது நாம் பார்க்கிற முகம் அது.

அந்த இரண்டு மீட்டரில் நின்று தலையும் தோளும் ஃபிரேமை நிறைக்க வேண்டுமானால், பெரிய சென்சார் வைத்த ஃபுல் ஃபிரேம் கேமராவில் 85 சரியாகப் பொருந்தும். கேமராவைப் படுக்கையாகப் பிடித்தால் 56 செ.மீ. உயரம் அடங்கும், நிமிர்த்திப் பிடித்தால் 85 செ.மீ. அடங்கும். 85-க்குப் பேர் வந்தது இப்படித்தான். தூரம் மாறினால் வேறு லென்ஸும் அதே வேலையைச் செய்யும்.

எங்கள் வீடு ஹவுசிங் போர்டு, ஹால் பத்துக்குப் பத்து. 85 வாங்கினால் வீட்டுக்குள் பயன்படுமா அண்ணா?

தலை, தோள், நெஞ்சு வரைக்கும் பயன்படும். அதற்கு மேல் இடம் பத்தாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தடி என்பது 3 மீட்டர். ஆளைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி நிறுத்துகிறீர்கள். எதிர்ச் சுவரில் பீரோவோ கட்டிலோ இருக்கும், அதை ஒட்டி நீங்கள் நிற்கிறீர்கள். கேமராவுக்கும் ஆளுக்கும் நடுவில் 2.1 மீட்டர் மிஞ்சினால் அதிகம். அந்தத் தூரத்தில் கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் 85 லென்ஸில் 89 செ.மீ. உயரம்தான் அடங்கும். 50 லென்ஸில் ஒன்றரை மீட்டர் அடங்கும், அதாவது தலையிலிருந்து முழங்கால் வரை. 35-ல் இரண்டு மீட்டருக்கு மேல், முழு ஆளும் வந்துவிடுவார். 85-ஐ வைத்து ஒருவரை முழுசாக எடுக்க ஐந்து மீட்டர் வேண்டும். நம் வீடுகளில் ஐந்து மீட்டர் ஏது?

இன்னொன்றும் இருக்கிறது. பின்னணி எவ்வளவு கலங்கும் என்பது அபெர்ச்சரை மட்டும் பொறுத்ததல்ல. பின்னணி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் பொறுத்தது. ஆள் 2.1 மீட்டரில், சுவர் 2.4 மீட்டரில் என்றால், அந்த லென்ஸ் தரக்கூடிய முழு மங்கலில் எட்டில் ஒரு பங்குதான் சுவரில் கிடைக்கும். 1.8 லென்ஸோ 1.2 லென்ஸோ, காலண்டரில் இருக்கும் தேதியைக் கஷ்டப்பட்டாவது படித்துவிடலாம். உங்களுக்கும் ஆளுக்கும் எவ்வளவு தூரமோ, அதே தூரம் ஆளுக்குப் பின்னாலும் இருந்தால் பாதி மங்கல் வந்துவிடும்.

அதனால் சுவரை விட்டுவிட்டு வாசலுக்கு வாருங்கள். ஹவுசிங் போர்டு கட்டடங்களில் நீளமான வராந்தா இருக்கும். ஒரு பக்கம் வீடுகளின் கதவுகள், மறுபக்கம் திறந்தவெளி. அந்தத் திறந்த பக்கத்து வெளிச்சம் முகத்தில் பக்கவாட்டில் விழும்படி ஆளை நிறுத்தி, வராந்தாவின் நீளவாக்கில் எடுத்தால் பின்னால் பத்து, பதினைந்து மீட்டர் கிடைத்துவிடும். சந்திலும் இதே முறைதான். குறுக்கே எடுத்தால் எட்டடி, நீளவாக்கில் எடுத்தால் தெருமுனை வரை. 85 வைத்திருப்பவர்கள் இந்தத் திசையை மட்டும் பழகிக்கொண்டால் பாதிக் கஷ்டம் போய்விடும்.

வீட்டுக்குள்தான் பெரும்பாலும் எடுப்பேன் என்றால் 50 மி.மீ. 1.8 லென்ஸிலிருந்து தொடங்குங்கள். இதை மனதாரச் சொல்கிறேன்.

1.2, 1.4, 1.8. இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியுமா?

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். தனியாக ஒரு படத்தைக் காட்டி எது என்று கேட்டால், பழகியவர்களே தடுமாறுவார்கள்.

முதலில் வெளிச்சம். 1.8-ஐ விட 1.4 சுமார் 1.65 மடங்கு அதிக வெளிச்சத்தை உள்ளே விடும். 1.8-ல் ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்வு) 3200 தேவைப்படும் இடத்தில் 1.4-க்கு 2000 போதும். 1.2 என்றால் 1.8-ஐப் போல 2.25 மடங்கு. இன்றைய ஃபுல் ஃபிரேம் சென்சாருக்கு 3200-க்கும் 2000-க்கும் உள்ள இடைவெளி பெரிய விஷயமே இல்லை.

அடுத்தது ஃபோகஸ் ஆழம். 85 மி.மீ., ஆள் இரண்டு மீட்டர் தூரத்தில் என்றால் தெளிவாக விழும் பகுதி 1.2-ல் 4 செ.மீ.க்கும் குறைவு. 1.4-ல் நாலரை செ.மீ. பக்கம், 1.8-ல் ஆறு செ.மீ.க்குக் கொஞ்சம் கீழே, 2.8-ல் ஒன்பது செ.மீ., 4-ல் பதின்மூன்று. ஒரு முகத்தில் மூக்கு நுனியிலிருந்து காது வரை சுமார் 12 செ.மீ. இருக்கும். 1.8-லேயே காது கலங்கிவிடும் என்றால் அதற்குக் கீழே போய் என்ன சாதிக்கப் போகிறோம் என்று யோசியுங்கள். ஜோடியாக எடுத்தால் 2.8-க்கு மூடி, மூன்று மீட்டர் தள்ளி நில்லுங்கள். சுமார் 20 செ.மீ. ஆழம் கிடைக்கும், இரண்டு பேர் கண்ணும் தெளிவாக இருக்கும்.

தூரத்துப் பின்னணி எந்த லென்ஸில் அதிகம் கரையும் என்று ஒப்பிட ஒரு சுலபமான வழி உண்டு. மி.மீ. எண்ணை அபெர்ச்சர் எண்ணால் வகுங்கள். லென்ஸ் வழியாகத் தெரியும் துளையின் விட்டம் வரும். 50-ல் 1.8 என்றால் 28 மி.மீ., 56-ல் 1.4 என்றால் 40. 85-ல் 1.8-க்கு 47, 1.4-க்கு 61, 1.2-க்கு 71. 135-ல் 1.8 என்றால் 75. முகம் படத்தில் ஒரே அளவில் இருக்கும்படி எடுத்தால், இந்த எண் பெரிதாக இருக்கும் லென்ஸில் தூரத்துப் பின்னணி அதிகம் கரையும். கண்ணாடியின் பருமன், எடை, விலை எல்லாமே இந்த எண்ணோடு சேர்ந்துதான் ஏறும்.

என் கருத்து இதுதான்: சம்பாதித்துக் கொடுக்காத வரை 85-க்கு 1.8 போதும். கல்யாண வேலை சீராக வந்தால் 1.4 வாங்கலாம். 1.2 ஒரு கிலோவைத் தாண்டும் லென்ஸ். இரவு ரிசப்ஷன் முழுக்க அதைக் கையில் தாங்கி நிற்கும் மணிக்கட்டையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

என்னிடம் க்ராப் சென்சார் கேமரா. நானும் 85 வாங்க வேண்டுமா?

வேண்டாம். உங்கள் 85 என்பது 56. க்ராப் சென்சார் ஃபுல் ஃபிரேமை விடச் சின்னது, அதனால் ஒன்றரை மடங்கு கணக்கில் 56 லென்ஸ், ஃபுல் ஃபிரேமில் 84 காட்டும் பரப்பைக் காட்டும். கேனான் க்ராப் 1.6 மடங்கு என்பதால் அங்கே 90 ஆகும். 85-ஐ மாட்டினால் 128-க்குச் சமமாகிவிடும், பத்தடி ஹாலில் தலையும் தோளும்தான் எடுக்கலாம்.

சிக்மா 56 மி.மீ. 1.4 லென்ஸ் 2018-ல் வந்தது. எடை 280 கிராம்தான், அரை மீட்டர் வரை கிட்டப் போகலாம், முழுசாகத் திறந்தே கூர்மையாக எடுக்கும். சோனி, ஃபியூஜி, கேனான், நிக்கான் என்று எல்லா மவுண்ட்டிலும் (லென்ஸைக் கேமராவில் பூட்டும் வளையம்) கிடைக்கிறது. க்ராப் சென்சாரில் இதைத் தாண்டி யோசிக்கக் காரணம் குறைவு. ஃபியூஜிக்காரர்களுக்கு 56 மி.மீ. 1.2 இருக்கிறது. 2014-ல் வந்த முதல் வடிவத்தில் ஃபோகஸ் நிதானமானது. 2022-ல் வந்த புதிய வடிவம் 445 கிராம், தூசியும் தூறலும் தாங்கும், அபெர்ச்சர் துளையை மூடும் பிளேடு பதினொன்று. ஃபுல் ஃபிரேம் மங்கலோடு ஒப்பிட்டால் 56-ல் 1.2 என்பது 85-ல் 1.8-க்குச் சமம். 56-ல் 1.4 என்பது 85-ல் 2.1 போல இருக்கும். குறை என்று சொல்ல முடியாது.

சோனி வைத்திருக்கிறேன். நாலைந்து 85 இருக்கிறது. எது?

தேர்வு அதிகமாக இருப்பதே சோனியில்தான், அதனால் குழப்பமும் அதிகம்.

சோனியின் சொந்த 85 மி.மீ. 1.8 லென்ஸ் 2017-ல் வந்தது. 371 கிராம். ஃபோகஸ் வேகமாகவும் சத்தமில்லாமலும் பிடிக்கும். முழு அபெர்ச்சரிலேயே கூர்மை. குறை என்றால், மினுங்கும் பொருள்களைச் சுற்றிக் கொஞ்சம் நிறம் கசியும், 80 செ.மீ.க்குக் கிட்டே போக முடியாது. இந்த விலைக்கு இதைவிட நிம்மதியான லென்ஸ் எனக்குத் தெரிந்து இல்லை.

சிக்மா 85 மி.மீ. 1.4 டிஜி டிஎன் ஆர்ட் 2020-ல் வந்தது. அதற்கு முன் 1.4 என்றாலே தலையணை மாதிரி கனம். இது 625 கிராமில் வந்து அதை மாற்றியது. அபெர்ச்சர் வளையம் உண்டு. நேர்க்கோடுகள் உள்நோக்கி வளைவதைக் கேமராவும் சாஃப்ட்வேரும் திருத்திக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். முகத்தில் அது தெரியாது. மண்டபத் தூண்களுக்கு நடுவே நிற்க வைத்து எடுத்தால், திருத்தத்தை ஆன் செய்து வைத்திருக்கிறோமா என்று பாருங்கள்.

சோனியின் உயர்வரிசையான ஜிஎம் 85 மி.மீ. 1.4 இரண்டு தலைமுறை. 2016-ல் வந்தது 820 கிராம், பின்னணி கரையும் விதம் மிக அழகு, ஆனால் மோட்டார் மெதுவாகவும் சத்தமாகவும் ஓடும். வீடியோவில் அந்தச் சத்தம் பதிவாகிவிடும். 2024-ல் வந்த இரண்டாவது வடிவம் 642 கிராம், ஃபோகஸ் பல மடங்கு வேகம். ஓடுகிற பிள்ளைகளையும் மேடையில் நகர்ந்துகொண்டே இருக்கும் மணமக்களையும் எடுப்பவர்களுக்கு அந்த வேகம் காசாகும். முதல் தலைமுறை செகண்ட் ஹேண்டில் வந்தால், நிதானமாக உட்கார வைத்து எடுப்பவர்கள் மட்டும் வாங்குங்கள்.

சாம்யாங்கின் 85 மி.மீ. 1.4, அதிலும் இரண்டாவது வடிவம், 509 கிராமில் கையடக்கம். வில்ட்ராக்ஸ் 85 மி.மீ. 1.8 விலை குறைவு. சோனியின் 1.8 செகண்ட் ஹேண்டிலேயே அந்த விலைக்குப் பக்கத்தில் கிடைத்தால் நான் சோனிக்குத்தான் போவேன்.

ஒரு சின்ன விஷயம். ஆல்ஃபா 1, ஆல்ஃபா 9 போன்ற வேக பாடிகளில் வேறு கம்பெனி லென்ஸ்களை மாட்டினால் தொடர் எடுப்பு நொடிக்கு 15 படத்தோடு நின்றுவிடும். முகம் எடுப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. வியாசர்பாடியில் ஃபுட்பால் எடுப்பவருக்கு இருக்கலாம்.

கேனான் மிரர்லெஸ்ஸில், அதாவது ஆர்எஃப் மவுண்ட்டில்?

இங்கே நடுத்தட்டில் இடைவெளி பெரிது. ஒரு முனையில் 85 மி.மீ. 1.2 எல், 2019-ல் வந்தது, 1,195 கிராம். நிறக் கசிவை அடக்குவதில் அதற்கு நிகராகச் சொல்லக் கொஞ்சம்தான் உண்டு. மறுமுனையில் 2020-ல் வந்த 85 மி.மீ. 2 மேக்ரோ, 500 கிராம், லென்ஸுக்குள்ளேயே நடுக்கத் தடுப்பு. நடுவில் 2025-ல்தான் 1.4 எல் விசிஎம் வந்தது. 1.2-இன் எடையில் ஏறக்குறைய பாதி, ஆனாலும் எல் என்ற உயர்வரிசையின் விலை.

85 மேக்ரோவைக் கல்யாணக்காரர்களுக்கு நான் தயங்காமல் சொல்வேன். 35 செ.மீ. வரை கிட்டப் போகும், அரை மடங்கு அளவில் எடுக்கும். முகத்தை எடுத்த கையோடு தாலி, மெட்டி, மருதாணி எல்லாவற்றையும் லென்ஸ் மாற்றாமல் எடுத்துவிடலாம். மற்ற 85-கள் 80, 85 செ.மீ.யிலேயே நின்றுவிடும். இதன் குறை ஃபோகஸ். இருட்டில் முன்னும் பின்னும் தேடி ஓடும். அப்போது லென்ஸில் இருக்கும் சுவிட்சில் ஃபோகஸ் தூர வரம்பைக் குறைத்து வையுங்கள்.

பழைய கேனான் டிஎஸ்எல்ஆர்களுக்கான இஎஃப் 85 மி.மீ. 1.8-ஐ மறந்துவிடாதீர்கள். 1992-ல் வந்த லென்ஸ். அடாப்டரில் மாட்டினால், கண்ணைக் கேமராவே தேடிப் பிடிக்கும் கண் ஃபோகஸ் உட்பட ஒழுங்காக வேலை செய்யும். முழு அபெர்ச்சரில் எதிர்வெளிச்சத்தில் ஊதாக் கசிவு இருக்கும். 2.5-க்கு மூடினால் பெரிதும் அடங்கிவிடும்.

நிக்கானின் இசட் மிரர்லெஸ்ஸில்?

85 மி.மீ. 1.8 எஸ். 2019, 470 கிராம். யோசிக்கவே வேண்டாம். 2023-ல் வந்த 1.2 எஸ் அற்புதமான லென்ஸ், 1,160 கிராம்.

பழைய நிக்கான் லென்ஸ் வீட்டில் இருந்தால் பெயரில் கவனம். 85 மி.மீ. 1.8 ஜி என்றால், பழைய லென்ஸை இசட் கேமராவில் மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டரில் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும். டி என்று முடிந்தால் செய்யாது. அந்த லென்ஸ்களுக்குள் மோட்டார் இல்லை, கேமராவின் மோட்டார்தான் திருப்ப வேண்டும், அடாப்டரில் அது கிடையாது.

135 மி.மீ. எப்படி?

திறந்தவெளியில் அதற்கு ஈடில்லை. சோனியின் 135 மி.மீ. 1.8 ஜிஎம் 950 கிராம், நிக்கானின் 135 மி.மீ. 1.8 பிளீனா 995 கிராம். திருவொற்றியூர் கடற்கரை, எண்ணூர் முகத்துவாரம், தேர் ஓடும் மாட வீதி மாதிரி இடங்களுக்குச் சரி. முழு ஆள் எடுக்க எட்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். சந்துக்கும் வீட்டுக்கும் ஆகாது, அதனால் முதல் லென்ஸாக வேண்டாம்.

தூரத்தில் நின்று தெரியாமல் எடுக்கலாம் என்பதற்காக இதை வாங்குவதானால் எனக்கு உடன்பாடில்லை. மீன் ஏலத்தில் நிற்கும் அக்காவிடம் போய், "உங்களை ஒரு படம் எடுத்துக்கட்டுமாக்கா?" என்று கேட்டுவிட்டு 85-ல் எடுத்த முகத்துக்கும், தூரத்திலிருந்து திருடிய முகத்துக்கும் வித்தியாசம் உண்டு. கேட்டு எடுத்த முகம் உங்களைப் பார்க்கும்.

காசிமேட்டில் காலையில் எடுத்த படத்தில் மீன் பளபளப்பைச் சுற்றி பச்சை, ஊதா விளிம்பு வருகிறது. லென்ஸ் கோளாறா?

கோளாறு இல்லை, வேகமான பிரைம் லென்ஸ்களின் இயல்பு. எல்லா நிறங்களும் ஒரே தளத்தில் குவிவதில்லை. ஃபோகஸுக்கு முன்னால் இருக்கும் மினுக்கத்தில் ஊதாவோ சிவப்போ ஏறும், பின்னால் இருப்பதில் பச்சை ஏறும்.

காசிமேட்டில் இது ஏன் கூடுதலாகத் தெரிகிறது என்றால், நமக்குக் கடல் கிழக்கே. சூரியன் கடல் பக்கமிருந்து தாழ்வாக வருகிறது. ஈரத் தரை, ஐஸ் தூள், கூடையில் அடுக்கிய வஞ்சிரத்தின் முதுகு, மத்தியின் செதில், எல்லாமே சின்னச் சின்னக் கண்ணாடிகள். கடலைப் பார்த்து எடுத்தால் அவ்வளவும் உங்கள் லென்ஸை நோக்கித் திரும்பி ஒளியடிக்கும். கூடைக்காரரின் முகத்தில் ஃபோகஸ் வைத்திருப்பீர்கள். அவர் கைக்கு முன்னால் நீட்டியிருக்கும் மீனில் ஊதா ஓரம், பின்னால் படகின் ஈர விளிம்பில் பச்சை ஓரம்.

மூன்று வழி இருக்கிறது. 2.8-க்கு மூடினால் பெரும்பாலும் போய்விடும். கடலுக்கு முதுகு காட்டி நின்றால் வெளிச்சம் முகத்தில் நேராக விழும், மினுக்கம் குறையும். ஆறரை மணி வாக்கில் அந்த வெளிச்சம் கரிய முகத்தில் விழுவதைப் பார்க்க வேண்டும், நெற்றியில் வியர்வையும் உப்பும் சேர்ந்து தனி ஒளி வரும். மூன்றாவது, எடிட்டிங்கில் விளிம்பு நிறத்தைக் குறைப்பது. ஆனால் பச்சைப் படகு, ஊதாப் புடவை என்று அசல் நிறங்களையும் அது தின்றுவிடும். அந்த இடத்தை மட்டும் தேர்ந்து செய்யுங்கள்.

பட்டுப் புடவை ஜரிகை, கல் வைத்த நெற்றிச்சுட்டி, வெள்ளிக் கொலுசு எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

பின்னணியில் சீரியல் லைட் ஓரத்தில் வட்டமாக வராமல் கண் வடிவத்தில் நசுங்குகிறதே?

லென்ஸின் குழல், ஓரத்தில் சாய்வாக வரும் ஒளியின் ஒரு பகுதியை மறைத்துவிடுகிறது. அபெர்ச்சரை ஒரு ஸ்டாப் (வெளிச்சம் பாதியாகும் அளவு) மூடினால் வட்டமாகும். பிளீனா இந்த ஒரு விஷயத்துக்காகவே பேர் வாங்கிய லென்ஸ். எனக்கு அந்தக் கண் வடிவம் உறுத்துவதில்லை.

வட்டத்தின் அடிப்பக்கமோ மேல்பக்கமோ வெட்டினாற்போல் இருந்தால் அது வேறு காரணம். எலக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்ட்டன் ஷட்டரை (தொடக்கத்தை மட்டும் சென்சாரே செய்யும் ஷட்டர் முறை) 1/2000, 1/4000 போன்ற வேகத்தில் முழு அபெர்ச்சரோடு பயன்படுத்தினால் அப்படி வரும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றுங்கள். படத்தில் பட்டை பட்டையாக இருட்டும் வெளிச்சமும் விழுந்தால் எல்இடி துடிப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் 1/50 அல்லது 1/100-ல் வையுங்கள், சைலண்ட் ஷட்டரை அணையுங்கள்.

மதிய வெயிலில் 1.4-ல் எடுத்தால் படம் வெளுத்துவிடுகிறது.

உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, 1.4 என்றால் 1/12800 ஷட்டர் வேண்டும். பல கேமராக்களின் மெக்கானிக்கல் ஷட்டர் 1/4000 அல்லது 1/8000-ல் நின்றுவிடும். மூன்று ஸ்டாப் குறைக்கும் என்டி 8 பில்டர் ஒன்று வாங்குங்கள். இல்லாவிட்டால் நிழலுக்கு வாருங்கள். அந்த நேரத்து வெயில் கண்ணுக்குக் கீழே குழி விழ வைக்கும், முகத்துக்கு நல்லதில்லை.

கேரம் கிளப்பில், பாக்ஸிங் பயிற்சியில் எடுக்கிறேன். கண் ஃபோகஸ் இருந்தும் பாதிப் படம் தப்புகிறது.

இரண்டும் வேறு வேறு சிக்கல்.

கேரம் கிளப்பில் பலகைக்கு மேலே மூடி போட்ட ஒரு விளக்குத் தொங்கும், சுற்றிலும் இருட்டு. வெள்ளைப் பவுடர் தூவிய பலகை அந்த வெளிச்சத்தைக் கீழிருந்து முகத்துக்குத் திருப்பி அனுப்பும். மிக அழகான வெளிச்சம் அது, தேடி அலைந்தாலும் ஸ்டூடியோவில் கிடைக்காது. ஆனால் ஆடுபவர் குனிந்து ஸ்ட்ரைக்கரைச் சுண்டும்போது விரலுக்கும் கண்ணுக்கும் அரை மீட்டர் இடைவெளி. 1.8-ல் இரண்டும் தெளிவாக வராது. கண்ணா, விரலா என்று எடுப்பதற்கு முன்பே தீர்மானித்துவிடுங்கள். கேமராவை அதன் போக்கில் விட்டால் முன்னால் இருக்கும் கையைப் பிடித்துக்கொள்ளும்.

பாக்ஸிங்கில் தப்புவது பெரும்பாலும் ஃபோகஸ் இல்லை, ஷட்டர். 1/500-க்குக் கீழே போகாதீர்கள், ஐஎஸ்ஓ ஏறினால் ஏறட்டும். கைகள் முகத்தை மறைக்கும் விளையாட்டு என்பதால் லென்ஸ் மோட்டாரின் வேகமும் இங்கே கணக்கில் வரும். கேனானின் 85 மேக்ரோ, ஃபியூஜியின் முதல் 56 போன்ற நிதானமான லென்ஸ்கள் திணறும்.

கருத்த முகம் படத்தில் இன்னும் இருண்டு போகிறது. விலை கூடிய லென்ஸ் இதைச் சரிசெய்யுமா?

செய்யாது, ஏனென்றால் இது எக்ஸ்போஷர் விஷயம். பின்னால் வெளுத்த வானமோ வெள்ளைச் சுவரோ இருந்தால் கேமரா மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். முகத்தைப் பார்த்து எக்ஸ்போஷரை 0.7, 1 என்று ஏற்றுங்கள், வானம் வெளுத்தால் வெளுக்கட்டும். வெளிச்சம் நேராக இல்லாமல் பக்கத்திலிருந்து வந்தால் கருத்த தோலில் கன்னமும் தாடையும் செதுக்கினாற்போல் வரும்.

தயவுசெய்து எடிட்டிங்கில் நிறத்தை வெளுக்க வைக்காதீர்கள். "கொஞ்சம் கலரா காட்டுங்க" என்று கேட்பவர்களிடமும் ஒரு படத்தை அவர்கள் நிறத்திலேயே ஒழுங்காக எடுத்துக் காட்டுங்கள். அதைப் பார்த்தபின் பலர் மனம் மாறியதைப் பார்த்திருக்கிறேன்.

கடல் பக்கத்திலேயே குடியிருக்கிறோம். லென்ஸில் பூஞ்சை வராமல் எப்படி?

பூஞ்சைக்குத் தேவை ஈரம், இருட்டு, அசையாத காற்று. தோல் பையில் போட்டு அலமாரிக்குள் வைத்தால் மூன்றும் கிடைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் மோசம்.

ட்ரை கேபினெட் வாங்க முடிந்தால் 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள். முடியாவிட்டால் ரப்பர் விளிம்பு வைத்த, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அதற்குள் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து மறுபடி போடலாம். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம். எல்லாவற்றையும் விட நல்லது, லென்ஸை அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துவது.

உப்பு வேறு எதிரி. காசிமேடு, எண்ணூர் போய் வந்த அன்றே, லேசாக ஈரப்படுத்திய மைக்ரோஃபைபர் துணியால் லென்ஸின் உடலைத் துடைத்து, பின் காய்ந்த துணியால் துடையுங்கள். கண்ணாடியில் முதலில் ஊதுபம்பு, அப்புறம்தான் துணி. மணலோடு துடைத்தால் கீறல் நிச்சயம். முன்னால் ஒரு யுவி பில்டர் போடுவதை எல்லா இடத்திலும் நான் சொல்வதில்லை, ஆனால் கடற்கரையில் போடுங்கள். லென்ஸை அங்கே மாற்றாதீர்கள்.

ஏசி மண்டபத்திலிருந்து வெளியே வந்தால் கண்ணாடி பூத்துப்போகும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்தால் சரியாகிவிடும். பூத்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

செகண்ட் ஹேண்ட் 85 பார்க்கப் போகிறேன். என்ன பார்க்க வேண்டும்?

உங்கள் கேமராவையும் ஒரு டார்ச்சையும் எடுத்துக்கொண்டு பகலில் போங்கள். லென்ஸைக் கழற்றி, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். தூசு இரண்டு மூன்று இருந்தால் படத்தில் தெரியாது. சிலந்தி வலை மாதிரி கிளைவிட்ட நூல்கள் இருந்தால் பூஞ்சை, எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். வீட்டில் இருக்கும் மற்ற லென்ஸ்களின் பக்கத்தில் அதை வைக்கவும் கூடாது. பால் கலந்தாற்போல் மொத்தமாக மங்கியிருந்தாலும் விட்டுவிடுங்கள்.

மவுண்ட் வளையத்தின் திருகுகளைப் பாருங்கள். தலையில் கீறல் இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். திருகில் பச்சையோ துருவோ இருந்தால் கடல்காற்றில் கிடந்திருக்கிறது. பில்டர் மாட்டும் மரை நசுங்கியிருந்தால் கீழே விழுந்த லென்ஸ்.

அப்புறம் மாட்டி எடுத்துப் பாருங்கள். செய்தித்தாளைச் சுவரில் நேராக ஒட்டி, முழு அபெர்ச்சரில் ஒரு படம். இடது ஓரம் தெளிவு, வலது ஓரம் கலங்கல் என்றால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது. அபெர்ச்சரை 8-க்கு மூடி ஒரு படம், உள்ளே பிளேடுகள் ஒழுங்காக மூடினால் படம் வெளுத்துப் போகாமல் வரும். ஃபோகஸை மிகக் கிட்டேயிருந்து மிகத் தூரத்துக்குச் சில தடவை ஓட விட்டுச் சத்தத்தைக் கேளுங்கள். கரகரப்பு இருக்கக் கூடாது. பில், உடலில் இருக்கும் சீரியல் நம்பர் இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் பணம்.

வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாமா?

கட்டாயம் பாருங்கள். சினிமா வேலை நடக்கும் வடபழனி, சாலிகிராமம் பக்கம் வாடகைக் கடைகள் உண்டு. ஆதார் நகலும் முன்பணமும் கேட்பார்கள். எடுக்கும்போதே மேலே சொன்ன டார்ச் சோதனையை அவர்கள் கண் முன்னாலேயே செய்து, கீறல் இருந்தால் மொபைலில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திருப்பித் தரும்போது தகராறு வராது.

வாடகைக்கு எடுத்த நாளில் பூ, நாய்க்குட்டி, மெட்ரோ ஸ்டேஷன் என்று சுற்றாதீர்கள். உங்கள் வீட்டு ஹாலில் அம்மாவை எடுங்கள், வராந்தாவில் தங்கையை எடுங்கள், சந்து முனை டீக்கடையில் மாஸ்டரை எடுங்கள், இரவு எட்டு மணிக்கு எம்.சி. ரோட்டில் கடை வெளிச்சத்தில் ஒருவரை எடுங்கள். இந்த நாலு இடத்திலும் பின்னால் சுவர் இடிக்காமல் நீங்கள் நினைத்த படம் வந்ததா என்று பாருங்கள். வரவில்லை என்றால் 50-ஐயும் ஒரு நாள் எடுத்து அதே நாலு பேரை, அதே இடத்தில் எடுத்துவிட்டு முடிவெடுங்கள்.